மிருகக்காட்சி சாலையில் கிடைத்த அத்தை

நேற்று தம்பி சேகர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். அவன் அப்படிப் போகிறவன் இல்லை. பலகாரம் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அதனால் பையை உடனே பிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து பார்த்தேன், குனிந்து மோந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, மழையில் நனைந்து காய்ந்த கம்பளியின் வாடை. பிரிக்காமலே தெரிந்துவிட்டது. என் பச்சை ஸ்வெட்டர்.

இதை நீங்கள் இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள், அத்தை? உங்கள் காரியம் முடிந்து பெட்டியைக் காலி செய்தபோது ஒவ்வொரு சேலையாக உதறிப் பார்த்தேனே, அதில் இல்லை. அப்போதே சேகர் கையில் கொடுத்து, "நான் போய்ச் சேந்ததும் உடனே குடுக்காத, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லி வைத்திருப்பீர்கள். செய்யக்கூடியவர்தான் நீங்கள். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தே பழகியவர்கள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, சேகர் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். மலைமேல், ரிங்லெட் டவுனையும் தாண்டி இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை, கொழுந்தை வாட்டும் மேல்மாடியில். பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்கே எங்களைத் தீபாவளிக்குத் தீபாவளிதான் கூட்டிப்போவார். அந்த மனுஷர் ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, "வர்ற லீவுக்கு கோலாலம்பூர் போறோம்லா. மிருகக்காட்சி சாலை. புலி, யானை எல்லாம் பார்க்கலாம்" என்றார். சேகர் குதித்தான். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், களைந்து முடித்த அரிசியை மறுபடியும் களைந்தார்.

அம்மா போனதிலிருந்தே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எங்கள் காதுபடப் பேசுவார்கள். "ஆம்பள ஒத்தையில எத்தன நாளைக்குப் பாப்பாரு? சின்னவன டவுன்ல ஆசிரமத்துல சேத்துட்டா அவனாச்சும் வேளைக்குச் சாப்பிடுவான்" என்பார்கள். புலி என்று சொல்லிக் கூட்டிப்போய் சேகரை விட்டுவிட்டு வரப்போகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதற்கேற்ற மாதிரி, கிளம்புகிற அன்று கங்காணி வீட்டம்மா வந்து என் தலையில் எண்ணெயை வழிய விட்டுப் பின்னிவிட்டு, "அங்க போயி மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு நிக்காத புள்ள, சிரிச்ச மாதிரி இரு" என்றார். புலியைப் பார்க்க எதற்குச் சிரித்த முகம்? அப்பா புதுச் சிலுவார் போட்டிருந்தார். மடிப்பு கலையாமல் அதன் கால்கள் பலகை போல நின்றன.

நாங்களும் எங்களிடம் இருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டோம். மலையில் பிறந்தவர்களுக்கு நல்ல உடுப்பு என்றால் ஸ்வெட்டர்தான். கல்யாணத்துக்கும் ஸ்வெட்டர், கோயிலுக்கும் ஸ்வெட்டர். கீழே பட்டணத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னுடையது பச்சை. அம்மா கடைசியாக வாங்கிக் கொடுத்தது, வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிதாகப் பார்த்து எடுத்தது. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் போடுவேன்.

செந்தூலில் அப்பாவின் கூட்டாளி வீட்டில் இரவு தங்கினோம். அவர் முன்பு அப்பாவோடு ஃபேக்டரியில் இருந்தவர். காலையில் எங்களோடு வருவதாக இருந்த மனுஷர், பசியாறி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முடியலலா. என் சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு அங்க நிக்கும். அது வழி காட்டும்" என்றார். இடுப்பு வலிக்காரர் எங்களை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் ஓடி வந்தார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

மிருகக்காட்சி சாலை வாசலில் நீங்கள் நின்றீர்கள். நீல வாயில் சேலை, கையில் ஒரு பிரம்புக் கூடை. எங்களைப் பார்த்ததும் உங்கள் கண் நேராக ஸ்வெட்டருக்குத்தான் போனது. சிரிப்பை அடக்கினீர்கள். ஆசிரமத்து ஆள் இவர்தான் என்று நினைத்து சேகரின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவன் வலிக்கிறது என்று கத்தினான்.

"இவங்க யாருப்பா? என்னன்னு கூப்பிடறது?" என்று சேகர்தான் கேட்டான்.

அப்பா கேட்காதது போல டிக்கெட் கொடுக்கும் இடத்தைத் தேடினார். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எங்கள் லயத்தில் முறை இல்லாத மனுஷர் கிடையாது. ரத்த சொந்தமே இல்லாத கங்காணி வீட்டம்மா எங்களுக்குப் பெரியம்மா, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஐயாவின் மனைவிகூட அக்கா. புதிதாக ஒருவர் வந்தால் பெயரைச் சொல்லும் முன்பே முறையைச் சொல்லிக் கும்பிட வைப்பார் அப்பா. அவர் உங்களுக்கு மட்டும் ஒரு முறையும் சொல்லவில்லை.

உள்ளே போனதும் இன்னொன்று. வழி காட்ட வந்தவருக்கு வழி தெரியவில்லை. பறவைக் கூண்டுகளையே இரண்டு தடவை சுற்றி வந்தோம். "இங்கதான் யானைன்னு சொன்னாங்க" என்று நீங்கள் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் கழிவறை இருந்தது. நீங்களும் அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறீர்கள் என்பது என் புத்திக்கு எட்டிவிட்டது. அப்பா மட்டும் எல்லாவற்றுக்கும், "பரவால்லலா, நடந்தா நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பார்க்கப் போனதாவது உருப்படியாக இருந்ததா? குரங்குக் கூண்டின் முன்னால் பட்டணத்துக்காரர்கள் கூட்டமாக நின்று கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சேகர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம வீட்டுக் குரங்குப்பா" என்றான். எங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே சாதிதான். அதை விரட்டி விரட்டி அலுத்தவர்கள், மலையிறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, பணம் கொடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "இதுங்கள கண்டா உங்கம்மா தொடப்பத்த எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்த அப்பா, பாதியில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். நீங்கள் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினீர்கள்.

மரநாய், முள்ளம்பன்றி, உடும்பு என்று எல்லாமே எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர்கள். யானை சவாரி அன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது புலி. அது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தது. முதுகும் வாலும்தான் எங்கள் பங்குக்கு.

"புலி செத்துப் போச்சா?" என்றான் சேகர்.

"இல்லய்யா, தூங்குது" என்றீர்கள்.

சேகர் உதட்டைப் பிதுக்கினான். அம்மாவை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது லயத்துப் பெண்கள் எல்லோரும் அவனிடம் சொன்னது அந்த வார்த்தைதான். அம்மா தூங்குது, சத்தம் போடாத. அவன் நம்பி விரலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்குப் பிறகு யார் தூங்கினாலும் அவனுக்குப் பயம். அப்பா மத்தியானம் கண்ணயர்ந்தால்கூட மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்ப்பான். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் வெடுக்கென்று சொன்னேன், "அவன்கிட்ட தூங்குதுன்னு சொல்லாதீங்க. எங்கம்மாவையும் அப்படித்தான் சொன்னாங்க."

கூடையைக் கீழே வைத்துவிட்டு சேகர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தீர்கள். "சரி. அது அசையற வரைக்கும் நாம எங்கயும் போகல. அசையலன்னா செத்துப் போச்சுன்னு நானே சொல்றேன்" என்றீர்கள். எவ்வளவு நேரம் ஆனதோ. வெயில் ஏறியது, கூட்டம் வந்து பார்த்து அலுத்துப் போனது, அப்பா நிழல் தேடி ஒதுங்கினார். நீங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தீர்கள். கடைசியில் ஒரு ஈ உட்கார்ந்ததோ என்னவோ, புலி காதை ஒரு வெட்டு வெட்டியது. சேகர், "உசிரோட இருக்கு! உசிரோட இருக்கு!" என்று உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

மரத்தடியில் உட்கார்ந்து நீங்கள் கட்டிக்கொண்டு வந்த நாசிலெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் குட்டு உடைந்தது. "அத்தை, எனக்கு இன்னொரு முட்டை" என்றான் சேகர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகத் தேடிக்கொண்ட முறை. அப்பாவுக்குப் புரையேறியது. நீங்கள் தண்ணீரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அத்தை வேணாம்யா" என்றீர்கள். வேறு என்ன என்று சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது.

அத்தை என்றால் அப்பாவுக்கு நீங்கள் தங்கச்சி முறை. அது வேண்டாம் என்றால்? பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆசிரமம் இல்லை என்பது தெரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் அதைவிடப் பெரிய பயம். எங்கள் வீட்டு அடுப்புக்கு முன்னால் அம்மா இடத்தில் இவரா? அப்போதே என் கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது. "அத்தை, ஊறுகாய் இருக்கா? அத்தை, தண்ணி குடுங்க. அத்தை, உங்க சேல நல்லாருக்கு" என்று வாய்க்கு வாய் அத்தை போட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்பா சுருண்டார். நீங்கள் மூன்றாவது தடவையிலேயே என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

கை கழுவக் குழாயடிக்கு என்னை மட்டும் கூட்டிப்போனீர்கள். ஸ்வெட்டருக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். அப்பாவும் சேகரும் எப்போதோ கழற்றி உங்கள் தோளில் போட்டிருந்தார்கள். என்னிடமும் காலையிலிருந்து கேட்டுப் பார்த்தீர்கள், நான் கொடுக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்க்குரு. நீங்கள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே, தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டீர்கள், "ஒங்கப்பா தண்ணி போடுவாரா?"

வேவு பார்க்க வந்தவள் நான் மட்டுமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. உங்களைக் கட்டிக்கொண்ட மறு வருஷமே குடித்துக் குடித்துச் செத்துப்போன ஒருவரின் கதையை நீங்கள் எனக்குச் சொன்னது பிற்பாடு. அன்றைக்கு அது தெரியாது. ஆனால் நீங்கள் குழாயை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்பது தெரிந்தது. அந்த ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. நிழலில் உட்கார்ந்து புதுச் சிலுவாரில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். அவரைப் போய்க் குடிகாரர் என்று சொல்வதா? எனக்கு உங்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"எங்கப்பா டீத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்க மாட்டாரு. அதையும் சீனி போடாமத்தான் குடிப்பாரு. நம்பலன்னா போங்க. எங்க வீட்டுக்கு ஒங்கள யாரும் கூப்பிடல."

"கூப்பிட்டிருக்காங்க புள்ள" என்றீர்கள். "ஒனக்குத்தான் யாரும் சொல்லல. அது தப்பு. அதான் நான் சொல்றேன். நீ வேணாம்னா நான் வரல."

பெரியவர் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேண்டும் என்று சொல்ல அம்மா விடவில்லை. வேண்டாம் என்று சொல்ல அந்தப் புலி ஆட்டிய காது விடவில்லை. வேர்வை கண்ணில் வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி உங்கள் கையில் திணித்துவிட்டு நடந்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ. புழுங்கியது, கழற்றினேன், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க நான் அப்படித்தான் சாதித்தேன்.

பிறகு மழை கொட்டியது. மிச்சக் கூண்டுகளைப் பார்க்காமலே பஸ்ஸுக்கு ஓடினோம். உங்கள் பஸ் முதலில் வந்துவிட்டது. அவசரத்தில் இரண்டு ஸ்வெட்டரை மட்டும் கொடுத்துவிட்டுப் பச்சையைத் தோளில் போட்டபடியே ஏறிப் போய்விட்டீர்கள். அம்மா வாங்கிக் கொடுத்ததைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று வழியெல்லாம் அழுதேன். மலையேறும்போது குளிரில் பல் கிட்டியது. அப்பா தன்னுடையதைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டு, "கொண்டாந்து குடுப்பாங்க" என்றார். நீங்கள் மறந்து எடுத்துப் போனீர்களா, வேண்டுமென்றே எடுத்துப் போனீர்களா? எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னீர்கள்.

கொண்டுவந்துதான் கொடுத்தீர்கள். அடுத்த பருவ மழையில், செந்தூல்காரர் குடும்பத்தோடு எங்கள் லயத்து வாசலில், அதே நீல வாயில் சேலையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றீர்கள். கீழே வெயிலில் பிறந்தவருக்கு மலைக்கு என்ன உடுத்துவது என்று தெரியவில்லை. கூடைக்குள் என் ஸ்வெட்டர் துவைத்து மடித்துப் பத்திரமாக இருந்தது.

"இதப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"அது ஒங்கம்மா ஒனக்கு வாங்குனதுல்ல" என்றீர்கள். நான் கதவை விட்டு நகர்ந்து நின்றேன்.

நீங்கள் வந்தீர்கள், இருந்தீர்கள், நான் அத்தையை விடவில்லை. வீம்புக்கு ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. புருஷனின் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடுகிற கூத்தைப் பார்த்து லயமே சிரித்தது. கங்காணி வீட்டம்மா உங்களிடமே, "என்னா முறை ஆயி இது?" என்று கேட்டதற்கு, "மிருகக்காட்சி சாலை முறை" என்றீர்களாம். எண்பதுகளில் என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, பஜ்ஜித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மாப்பிள்ளையின் தங்கச்சியைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிப்போனீர்கள். என்ன கேட்டீர்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் திரும்பி வந்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டிய பிறகுதான் நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன மழைக்காலத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, கங்காணி வீட்டம்மா சொன்ன மாதிரி சிரித்த முகமாக உள்ளே வந்து, கஞ்சியைக் கரண்டியில் எடுத்தேன்.

"கொஞ்சம் குடிங்கம்மா" என்றேன்.

உங்கள் கண் திறந்தது. அந்தப் பழைய பார்வை. "யாரக் கூப்பிடுற?"

"ஒங்களத்தான்."

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொல்லாத. இத்தன வருஷம் கழிச்சு முறைய மாத்துறன்னா, ஏதோ இருக்கு."

ஒரு முறையைச் சொல்லாததை வைத்து அப்பாவைப் பிடித்தவள் நான். ஒரு முறையைச் சொன்னதை வைத்து என்னைப் பிடித்துவிட்டீர்கள். கரண்டி கையிலேயே நின்றது. "வாய் தவறிடுச்சு அத்தை. குடிங்க அத்தை" என்றேன். நீங்கள் குடித்தீர்கள். குடிக்கும்போதும் கரண்டிக்கு மேலாக என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்ட பிறகு, "தவறுனா தவறட்டும்லா" என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் தூங்கினீர்கள். சேகர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். நரைத்த தலையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். விடிகிற வரைக்கும் நாங்கள் எங்கேயும் போகவில்லை. பிறகு என்னிடம், "தூங்குறாங்கன்னு சொல்லாதக்கா" என்றான். நானும் சொல்லவில்லை.

ஸ்வெட்டரை இப்போதுதான் விரித்துப் பார்க்கிறேன். முழங்கையில் நீங்கள் வேறு பச்சையில் போட்ட ஒட்டு. எனக்குச் சிறுத்துப்போனதும் ஒருநாள் கொடியிலிருந்து காணாமல் போனது இதுதான். அதன் பைக்குள் எனக்காக ஏதாவது வைத்திருப்பீர்களோ என்று இரண்டு பையிலும் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. இதை மறந்து வைத்திருந்தீர்களா, வேண்டுமென்றே வைத்திருந்தீர்களா என்று இனி யாரிடம் கேட்பேன்?

அடுத்த வாரம் பேரப் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போகிறேன். புலி பார்க்க வேண்டுமாம். இந்த வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று மருமகள் கேட்பாள். தோளில் போட்டுக்கொள்ள என்று சொல்வேன். யாருடையது என்று கேட்டால் என் அம்மா வாங்கியது, என் அத்தை வைத்திருந்தது என்பேன். எந்த அத்தை, எந்த வழியில் என்று அவள் முறை கேட்பாள். கேட்டுக் குழம்பட்டும், அத்தை.